காணாமல் தந்த பரிசு

விருது என்பது யாது? ஒருவர் ஆற்றிய பணியை, அப்பணியின் அருமை அறிந்த பிறிதொருவர் கண்டு, ஆய்ந்து, பலரும் அறியப் பாராட்டுவதே விருதாகும். இவ்விளக்கத்திலிருந்து ‘கண்டு’, ‘ஆய்ந்து’ என்னும் இரு சொற்களையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது பித்தளையும் கண்ணாடியுமே. இன்று நம்மிடையே பெருகிவரும் விருதுகளுள் எத்தனை இவ்விரு சொற்களையும் தாங்கி நிற்கின்றன? தமிழாசிரியர்களும் மாணவர்களும் இதனை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

என்னுடன் பணியாற்றும் இளம் ஆசிரியர் ஒருவர் தம் சொந்த முயற்சியால் இணையத்தளம் ஒன்றை அமைத்தார். இலக்கணப் பயிற்சிகளும் சிறுவர் கதைகளும் அதில் இடம்பெற்றன. இரவுகளில் கண்விழித்து அவர் உழைத்த உழைப்பை யான் அறிவேன். ஒருநாள் அவருக்கு மின்னஞ்சல் ஒன்று வந்தது. அவர்தம் தளம் அனைத்துலக விருதுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டுள்ளதாம். கேடயத்திற்கும் மேடைச் செலவிற்குமாக 250 வெள்ளி அனுப்ப வேண்டுமாம். மகிழ்ச்சி பொங்க என் அறைக்கு வந்தார். அவர் மகிழ்ச்சியைக் கெடுக்க எனக்கு மனம் இல்லை. எனினும், “தம்பி, அவர்கள் எந்தப் பக்கத்தைப் படித்தார்கள் என்று மட்டும் கேட்டு எழுதுங்கள்” என்றேன். எழுதினார். மறுமொழியாக வந்தது வங்கிக் கணக்கு எண்!

அதே வாரத்தில் வேறொரு மடலும் அவருக்கு வந்திருந்தது. எழுதியவர் வேறு மாநிலத்தில் பணியாற்றும் ஆசிரியை ஒருவர். பயிற்சிகளைத் தம் மாணவர்க்குப் பயன்படுத்தியதாகக் கூறி நன்றி சொல்லிவிட்டு, ஒரு பிழையையும் சுட்டியிருந்தார். வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்று விதி கூறிய அதே பக்கத்தில், ‘ஊறுகாய்’ என்பது ‘ஊறுக்காய்’ என்று அச்சாகியிருந்தது. விருது தர முன்வந்தோர் கண்ணில் படாத பிழை, தளத்தை உண்மையாகவே படித்த ஒருவர் கண்ணில் பட்டுவிட்டது. இவ்விரண்டனுள் எது பாராட்டு? எது ஏமாற்று? இதற்கு விடை கூற நூலறிவும் வேண்டுமோ?

இணையத்தில் இவ்வணிகம் புதியதன்று. 1990களின் பிற்பகுதியில், ‘ஜியோசிட்டீஸ்’ போன்ற இலவச இடங்களில் எண்ணற்றோர் தம் சொந்தப் பக்கங்களை அமைத்தனர். அக்காலத்தே பல பக்கங்களின் அடியில் விருதுப் படங்கள் வரிசையாக அணிவகுத்து நின்றன. அப்படத்தைத் தம் பக்கத்தில் ஒட்டுவோர், விருது தந்தவரின் தளத்திற்கு ஓர் இணைப்பும் தரவேண்டும் என்பது பெரும்பாலும் நிபந்தனை. வருவோர் அதனை அழுத்தினால் விருது தந்தவரின் வாயிலுக்கே போய்ச் சேர்வர். 1998-இல் நிறுவப்பட்ட கூகுள், ஒரு தளத்தை நோக்கி வரும் இணைப்புகளைக் கொண்டும் அதன் மதிப்பை அளவிட்டது. எனவே ஆயிரம் பேருக்குப் படம் வழங்கியவர், செலவின்றி ஆயிரம் விளம்பரத் தட்டிகளைப் பெற்றார். பரிசு பெற்றவர் யார், கொடுத்தவர் யார் என்று நீங்களே சொல்லுங்கள்.

அங்ஙனமாயின் இணையத்தில் நம்பத்தகுந்த விருதே இல்லையா என்று வினவலாம். உண்டு. 1996-இல் தொடங்கப்பெற்ற வெப்பி விருது அவற்றுள் ஒன்று. அதற்கும் நுழைவுக் கட்டணம் உண்டு. ஆகவே கட்டணம் ஒன்றைக் கொண்டே ஒரு விருதைப் பொய்யெனத் தள்ளிவிட இயலாது. ஆனால் அங்கே கட்டணம் செலுத்தியோர் பலருள் வென்றோர் சிலரே. துறை வல்லோர் தேரும் பரிசு வேறு, பொதுமக்கள் வாக்களிக்கும் பரிசு வேறு என்று வரையறுத்தும் வைத்துள்ளனர். கட்டணம் போட்டிக்கு என்றால் பொறுக்கலாம். வெற்றிக்கு என்றால் அது விலையே.

ஆதலின் விருதை நாடுவோர் நான்கு வினாக்களைக் கேட்டல் வேண்டும். நடுவர் யாவர், அவர்தம் தகுதி யாது? எவ்வளவுகோலால் அளக்கின்றனர், அதனை முன்கூட்டியே அறிவித்தனரா? எத்தனை பேரை மறுத்தனர்? தேர்ந்தமைக்குரிய காரணத்தை எழுதித் தருவரா? இவற்றிற்கு விடை கிடைக்காத இடத்தில் வாயிற்படி மிதியாமல் திரும்புவதே மானமுள்ளோர் செயல்.

இவ்வறிவு நமக்கு மேலைநாட்டிலிருந்து வரவேண்டியதில்லை. பொற்கிழியை நாடித் தருமி கொணர்ந்த பாடலில் குற்றம் கண்டு, இறைவனே எதிர்நின்றபோதும் தம் முடிவினின்று அசையாத நக்கீரரின் கதையை நாம் வகுப்புதோறும் சொல்கின்றோம். மறுக்கத் துணிந்த நடுவர்க்கு அவர் எடுத்துக்காட்டு. மறுக்கத் துணிந்த புலவர்க்குப் பெருஞ்சித்திரனார் எடுத்துக்காட்டு. அதியமான் தம்மை நேரில் காணாமலே கொடுத்தனுப்பிய பரிசிலை அவர் ஏற்க மறுத்ததைப் புறநானூறு காட்டுகின்றது. தம் தகுதியை அளந்தறிந்து தருவது தினையளவே ஆயினும் அது இனிது என்பது அப்புலவரின் கொள்கை. அதியமானோ பெரும் வள்ளல், பொருளும் மெய்ப்பொருள். அதனையே வறுமையுற்ற புலவர் வேண்டாவென்றார். நாமோ நம் பக்கத்தைத் திறந்தும் பாராதவர்க்குப் பணம் கொடுத்துப் பரிசு பெறுகின்றோம்!

“ஊக்கம் வேண்டாமா? வாடிக்கிடக்கும் தமிழ்ப்பணிக்குச் சிறு பாராட்டேனும் கிடைக்கட்டுமே” என்பாரும் உளர். அவர் நல்லெண்ணத்தை யான் ஐயுறவில்லை. ஊக்கம் வேண்டும்தான். ஆனால் எல்லார்க்கும் வழங்கும் கேடயம் எவர்க்கும் ஊக்கம் ஆகாது. நன்கு உழைத்தவனையும் உழையாதவனையும் ஒரே மேடையில் நிறுத்திப் பொன்னாடை போர்த்தினால், உழைத்தவன் மறுமுறை ஏன் உழைக்க வேண்டும்? “பதவி உயர்வுக் கோப்பிற்குச் சான்றிதழ் தேவை” என்பாரும் உளர். கோப்பு நிறையலாம், ஆனால் வகுப்பறையில் அமர்ந்திருக்கும் பிள்ளைகள் கோப்பைப் பார்ப்பதில்லை, நம்மையே பார்க்கின்றனர். விலைக்கு வாங்கிய விருதைச் சுவரில் மாட்டிவிட்டு, தேர்வில் பார்த்தெழுதும் மாணவனை எந்த வாயால் கண்டிப்போம்?

தமிழை இணையத்தில் ஏற்றியோர் பட்டயங்களுக்காகக் காத்திருக்கவில்லை. சிங்கப்பூரில் ஆசிரியர் கல்விப் பணியில் இருந்த எழுத்தாளர் நா. கோவிந்தசாமி, 1995-லேயே இணையத்தில் தமிழ் எழுத்துகள் தோன்ற வழிவகுத்தார். சுவிட்சர்லாந்தில் வாழும் முனைவர் கு. கல்யாணசுந்தரம் 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டத்திற்காகத் தன்னார்வலர் பலர் பழந்தமிழ் நூல்களை ஊதியமின்றித் தட்டெழுதினர். அந்நூல்களைப் படிக்குந்தோறும் நாம் அவர்களுக்கு நன்றி கூறுகின்றோம். அதனினும் பெரிய விருது எது?

குறை கூறுதல் மட்டும் என் நோக்கமன்று. நம் ஆசிரியர் சங்கங்களும் எழுத்தாளர் அமைப்புகளும் ஆண்டுக்கொருமுறை தமிழ்த் தளங்களை உண்மையாகவே படித்து மதிப்பிட முன்வரட்டும். பெயர் வெளியிடத் துணியும் மூவர் போதும். கேடயம் வேண்டா, நிறைகுறைகளைக் கூறும் ஒருபக்க மதிப்புரை போதும். தகுதியானது ஒன்றும் இல்லையெனில், ‘இவ்வாண்டு பரிசு இல்லை’ என்று அறிவிக்கும் நெஞ்சுரமும் வேண்டும். பரிசு இல்லாத அவ்வோர் ஆண்டே மற்றெல்லா ஆண்டுகளின் பரிசுக்கும் மதிப்பைத் தரும்.

அந்த இளம் ஆசிரியர் 250 வெள்ளியை அனுப்பவில்லை. ‘ஊறுகாய்’ எனத் திருத்தினார். பிழை சுட்டிய மடலை அச்சிட்டுத் தம் மேசைக் கண்ணாடியின் அடியில் வைத்துள்ளார். மாணவச் செல்வங்களே, உங்களுக்கும் இத்தகைய மடல் ஒன்று வருமாயின் அதனைப் போற்றி வையுங்கள். நும் எழுத்தை ஒருவர் முழுதும் படித்தார் என்பதற்கு அதுவே சான்று.