செட் ஆகுமா, ஆகாதா?

ஆங்கிலத்தில் 'செட்' மூன்றே எழுத்து. 1989-இல் வந்த ஆக்ஸ்போர்டு பேரகராதியின் இரண்டாம் பதிப்பில் அதற்கு விளக்கம் எழுத ஏறக்குறைய 60,000 சொற்கள் தேவைப்பட்டன. வினைச்சொல்லாக மட்டும் 430 பொருள். அலாரம் வைப்பதும் 'செட்', முறிந்த எலும்பைக் கூட்டுவதும் 'செட்', சூரியன் மறைவதும் 'செட்'. பின்னால் 645 பொருளோடு 'ரன்' வந்து, அதிகப் பொருள் கொண்ட சொல் என்ற முதலிடத்தைப் பறித்துக்கொண்டது தனிக்கதை.

உண்மையில் 'செட்' ஒரு சொல் அல்ல, இரண்டு. வினைச்சொல் பழைய ஆங்கிலத்தில் 'உட்கார வை' என்பதிலிருந்து வந்தது. தொகுதி என்ற பொருளில் வருவது பிரெஞ்சு வழியாக வந்த லத்தீன் சரக்கு. அதன் வேர் ஒருவர் பின்னால் போகிற கூட்டத்தைக் குறிக்கும்.

நம்மிடம் இரண்டும் வந்து சேர்ந்தன. பம்புசெட், மைக்செட், நாதஸ்வர செட், தோடும் நெக்லஸும் சேர்ந்த நகை செட் எல்லாம் லத்தீன் வம்சம். தளம் போடும் இடத்தில், "சீக்கிரம் கொட்டுய்யா, செட் ஆயிடப் போகுது" என்று மேஸ்திரி கத்துகிறாரே, அது உட்கார வைத்த வம்சம். அவர் பதறுவதில் நியாயம் உண்டு. சாதாரண போர்ட்லண்ட் சிமென்ட் 30 நிமிடத்துக்கு முன்னால் இறுகத் தொடங்கக் கூடாது, 10 மணி நேரத்துக்குள் இறுகி முடிந்துவிட வேண்டும் என்பது இந்தியத் தர விதி. இறுகத் தொடங்குவதற்குள் கலவையைக் கொட்டிச் சமன்செய்தாக வேண்டும்.

ஆங்கிலேயர் இந்தச் சொல்லுக்குப் பின்னால் அப், ஆஃப், இன், அவுட் என்று குட்டிச் சொற்களை ஒட்டிப் பொருளை மாற்றுவார்கள். நாம் ஒட்டுவது நம் வினைகளை. தயிர் செட் ஆகும். அலாரம் செட் பண்ணுவோம். 'நாயகன்' படத்துக்காகக் கலை இயக்குநர் தோட்டா தரணி சென்னையிலேயே தாராவியை செட் போட்டார். ஊர்சுற்றிகளோடு பிள்ளை செட் சேரும். "அந்த வேலை எனக்கு செட் ஆகல" என்பதைச் சொல்லுக்குச் சொல் ஆங்கிலமாக்கி லண்டன்காரரிடம் சொன்னால் விழிப்பார். இங்கே கேட்டவர் உடனே தலையாட்டுவார். இரவல் வந்தது மூன்றெழுத்துதான். வேலை பார்ப்பது ஆகு, பண்ணு, போடு, சேர்.

கலப்படம் என்று முகம் சுளிப்பவர்கள் பம்புசெட்டுக்கு மாற்றுச் சொல் தேடட்டும், தப்பில்லை. "கண்டவனோட செட் சேராதடா" என்று மகனைத் திட்டிக்கொண்டிருக்கும் அம்மாவிடம் மட்டும் தமிழைத் திருத்தப் போக வேண்டாம். அடுத்த திட்டு அவர்களுக்கு நல்ல தமிழிலேயே விழும்.