வெள்ளைத்தாள் போதும்!

சென்ற மாதம், ஒரு மாலை நேரம். விசைத்தறித் தொழிலாளத் தோழர் ஒருவர் நம்மைத் தேடி வந்தார். கையிலே மஞ்சள் பை. பைக்குள்ளே ஒரு ரசீது, ஓர் உத்தரவாத அட்டை, ஓரம் மடிந்த நான்கைந்து காகிதங்கள். முகத்திலே கோபம் இல்லை. கோபமெல்லாம் வற்றிப்போன பிறகு வருமே ஒரு களைப்பு, அதுதான் இருந்தது.

துணைவியார் இட்லி மாவு அரைத்து விற்கிறார். அந்த வியாபாரத்தை நம்பித் தவணை முறையிலே ஒரு பிரிட்ஜ் வாங்கினார்கள். விலை 18,500 ரூபாய். நான்காம் மாதம் பெட்டி குளிர மறுத்தது. கடைக்குப் போனார், "கம்பெனியைக் கேள்!" என்றார்கள். கம்பெனியைக் கேட்டார், "கடையைக் கேள்!" என்றார்கள். மாவு புளித்தது, வியாபாரம் படுத்தது, தவணை மட்டும் தவறாமல் பிடிக்கப்பட்டது. இப்படியே ஓடின இருபத்திரண்டு மாதங்கள்!

"வழக்குப் போடவில்லையா?" என்று கேட்டோம்.

"போடலாம் என்றுதான் போனேன், அண்ணே. கோர்ட்டு வாசலிலே ஒருவர், இதற்கென்று தனிப் பாரம் இருக்கிறது, வெளியே எங்கும் கிடைக்காது என்றார். பாரத்துக்கு ஐந்நூறு, எழுதுகூலி மூவாயிரம், மற்றச் செலவு ஆயிரத்து ஐந்நூறு. ஐயாயிரத்துக்கு நான் எங்கே போவேன்? விட்டுவிட்டேன்."

விட்டுவிட்டேன்! இந்த ஒரு சொல்லை நம்பித்தான் நாட்டிலே எத்தனையோ பேருடைய பிழைப்பு நடக்கிறது. கெட்ட பொருளை விற்றவர் நிம்மதியாகத் தூங்குகிறார், ஏழை விட்டுவிடுவான் என்று! கோப்பைக் கிடப்பிலே போட்ட அதிகாரி கவலையற்றிருக்கிறார், ஏழை விட்டுவிடுவான் என்று!

அந்தத் 'தனிப் பாரம்' எங்கே இருக்கிறது? சட்டத்தைப் புரட்டிப் பார்த்தோம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 1986-லே வந்தது. அதை நீக்கி 2019-லே புதிய சட்டம் இயற்றி, 2020 ஜூலை முதல் நடைமுறைப்படுத்தினார்கள். விலை கொடுத்து வாங்கவேண்டிய பாரம் எதையும் அதிலே காணோம். புகார் செய்பவர் யார், எவர்மீது புகார், என்ன நடந்தது, எந்தெந்த நாளில் நடந்தது, என்ன பரிகாரம் வேண்டும் — இவற்றைத் தெளிவாக எழுதி, நாள்வாரிப் பட்டியல் ஒன்றும், ரசீது முதலியவற்றின் நகல்களும், உறுதிமொழிப் பத்திரமும் இணைத்தால் மனு ஆயிற்று. கொடுத்த விலை 5 இலட்சம் ரூபாய் வரை என்றால் மாவட்ட ஆணையத்திலே கட்டணம் ஒரு காசும் இல்லை. முன்பு எதிர்த்தரப்பார் இருக்கும் ஊர் அல்லது சம்பவம் நடந்த ஊர் என்று அலைய வேண்டும்; இப்போது தாம் குடியிருக்கும் ஊரிலே, வேலை செய்யும் ஊரிலேயே தொடுக்கலாம். வழக்கறிஞர் வைத்தாக வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. அதற்கும் மேலே, கட்சிக்காரருக்காக வழக்கறிஞரல்லாத முகவர் ஒருவரும் நுகர்வோர் மன்றத்திலே, விதிகளுக்கு உட்பட்டு, நின்று வாதாடலாம் என்று 2011-லே உச்சநீதிமன்றமே சொல்லியிருக்கிறது.

ஒன்றே ஒன்றிலேதான் சட்டம் கறார். காலக்கெடு! வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டு. தோழருக்கு மிச்சமிருந்தது இரண்டே மாதம். பாரம் பாரம் என்று பயமுறுத்தி அவரைத் திருப்பியனுப்பினாரே, அந்தப் பேர்வழி தின்றது ஐயாயிரத்தை அல்ல, இருபத்திரண்டு மாதங்களை!

"மாவு வியாபாரத்துக்கு வாங்கியதாயிற்றே, வியாபாரி நுகர்வோர் ஆகமாட்டான் என்று கடைக்காரர் சொல்கிறாரே?" என்றும் தோழர் கேட்டார். நல்ல கேள்வி. வாணிப நோக்கத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் அல்லர் என்பது சட்டந்தான். ஆனால், சுயதொழில் செய்து வயிறு கழுவுவதற்காக மட்டுமே வாங்கிப் பயன்படுத்தினால் அது வாணிப நோக்கம் ஆகாது என்று அதே சட்டத்தின் விளக்கம் சொல்கிறது. கடைக்காரர் முதல் வரியோடு நிறுத்திக்கொண்டார். அடுத்த வரியைப் படிக்க ஆளில்லை என்ற துணிச்சல்!

இது நுகர்வோர் மன்றத்தோடு நிற்கும் கதை அல்ல. தகவல் உரிமையை எடுத்துக்கொள்ளுங்கள். இந்தியாவிலேயே முதன்முதலாக அதற்கென்று சட்டம் கண்ட மாநிலம் தமிழ்நாடு, ஆண்டு 1997. விலக்குகள் நிறைந்த சட்டம் என்ற குறை உண்டு, மறைக்கவில்லை. பிறகு 2005-லே மத்திய சட்டம் வந்தது. முதியோர் உதவித்தொகை மனு என்ன ஆயிற்று, பட்டா ஏன் வரவில்லை, தெருவிலே போட்ட சாலைக்கு எவ்வளவு செலவு எழுதினார்கள் — எதை வேண்டுமானாலும் வெள்ளைத்தாளிலே தமிழிலே எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, 'பொதுத் தகவல் அலுவலர்' என்று முகவரியிட்டு அனுப்பினால் போதும். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர் அந்தப் பத்து ரூபாயும் தரவேண்டாம். எதற்காகக் கேட்கிறாய் என்று கேட்கிற உரிமை அதிகாரிக்குக் கிடையாது. எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், அதை எழுத்திலே கொண்டுவர அந்த அலுவலரே உதவவேண்டும். தவறான அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டால், ஐந்து நாளுக்குள் உரிய இடத்துக்கு அவர்களே மாற்றவேண்டும். 30 நாளுக்குள் பதில். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் மேல்முறையீடு, அதற்கும் மேலே தகவல் ஆணையம். தக்க காரணமின்றித் தாமதித்த அலுவலருக்கு நாளொன்றுக்கு 250 ரூபாய், உச்சம் 25,000 ரூபாய் தண்டம்.

காவல் நிலையத்துக்கு வருவோம். 2024 ஜூலை முதல் நாள் தொட்டுப் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், 'பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா' வந்திருக்கிறது. உச்சரித்துப் பாருங்கள், நாக்குச் சுளுக்கும்! தமிழ்நாட்டுத் தொழிலாளிக்குப் பாதுகாப்பளிக்கும் சட்டத்துக்கு அவன் வாயிலே நுழையாத பெயர் வைத்தவர்களைப் பற்றித் தனியே பேசவேண்டும், இன்று வேண்டாம். இன்று சொல்லவேண்டியது, பெயர் தெரியவில்லையே என்று யாரும் பின்வாங்கத் தேவையில்லை என்பதுதான். புகாரிலே சட்டத்தின் பெயரும் வேண்டாம், பிரிவின் எண்ணும் வேண்டாம். நடந்தது என்ன, எங்கே, எப்போது, யார் — அவ்வளவே. வாயால் சொன்னாலும் எழுதிக்கொண்டு, படித்துக்காட்டி, கையொப்பம் வாங்கவேண்டும். பிடியாணையின்றிக் கைது செய்யத்தக்க குற்றமென்றால், எந்த நிலைய எல்லையிலே நடந்ததாயினும் பதியவேண்டும். முதல் தகவல் அறிக்கையின் நகல் புகார் கொடுத்தவருக்கு இலவசம். பதிய மறுத்தால் மாவட்டக் கண்காணிப்பாளருக்குத் தபாலிலே எழுதலாம். அங்கும் பலனில்லையேல் நீதித்துறை நடுவரிடம் போகலாம். ரசீது இல்லாமல் மட்டும் நிலையத்தைவிட்டு வெளியே வராதீர்கள். பதிவாகவில்லை என்றாலும் 'சி.எஸ்.ஆர்.' என்று ஒரு மனு ரசீது தருவார்களே, அதையாவது கேட்டு வாங்குங்கள்.

"அப்படியானால் வக்கீலே வேண்டாமா?" என்று ஒரு குரல் கேட்கிறது. அப்படி நாம் சொல்லவில்லை. ஜாமீன், கொலைவழக்கு, நிலத்தின் உரிமைமூலத்தைப் பற்றிய தாவா இவற்றிலே தாமே இறங்குவது, நீந்தத் தெரியாமல் கிணற்றிலே குதிப்பது. அங்கே வழக்கறிஞர் வேண்டும், நல்ல வழக்கறிஞராகவே வேண்டும். காசில்லாதவர் என்ன செய்வது? அதற்கும் சட்டம் இருக்கிறது என்பதைத்தான் தொழிலாளத் தோழர்கள் அறியவேண்டும்.

1987-லே இயற்றி 1995 நவம்பரிலே நடைமுறைக்கு வந்த சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம், இலவச வழக்கறிஞர் பெறத் தகுதியுடையோர் பட்டியலைத் தருகிறது. பெண்கள், குழந்தைகள், தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்போர் என்று நீளும் அந்தப் பட்டியலிலே 'தொழிற்கூடத் தொழிலாளி' என்றும் ஒரு வரி உண்டு. இவர்களுக்கு வருமான வரம்பே கிடையாது. மற்றவருக்குத்தான் வருமானக் கணக்கு. எத்தனை ஆலைவாயில்களிலே இந்த ஒரு வரி எழுதி ஒட்டப்பட்டிருக்கிறது? நாம் பார்த்த வாயில்களிலே இல்லை. வட்ட நீதிமன்ற வளாகத்திலே வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கிறது; மாவட்டத் தலைநகரிலே ஆணைக்குழு இருக்கிறது; 15100 என்ற எண்ணுக்குத் தொலைபேசியிலும் கேட்கலாம். விண்ணப்பப் படிவம் அங்கேயே கிடைக்கும், படிவத்திலே இல்லை என்பதற்காகத் தள்ளிவிட மாட்டார்கள், வாய்மொழியாகவும் கேட்கலாம்.

கேட்கத் தெரியாதவன் கதி? அதற்கு 1986-லே ஒரு தீர்ப்பு வந்தது. அருணாசலப் பிரதேசத்திலே சுக்தாஸ் என்பவர் வழக்கறிஞர் இல்லாமல் விசாரிக்கப்பட்டுத் தண்டிக்கப்பட்டார். அவர் இலவச உதவி கேட்கவில்லையே என்றது அரசுத் தரப்பு. கேட்கலாம் என்று அவருக்கு யார் சொன்னார்கள் என்று திருப்பிக் கேட்பதுபோல அமைந்தது உச்சநீதிமன்றத்தின் தீர்ப்பு! உரிமை இருக்கிறது என்று சொல்லவேண்டிய கடமை நீதிமன்றத்துடையது, சொல்லாமல் நடத்திய விசாரணை செல்லாது என்று தண்டனையை நீக்கியது.

மக்கள் நீதிமன்றம் பற்றி ஓர் எச்சரிக்கை. கட்டணமில்லை, கட்டிய நீதிமன்றக் கட்டணமும் திரும்ப வரும், ஒரே நாளில் முடியும், எல்லாம் உண்மை. ஆனால் அங்கே சமரசத்துக்குக் கையெழுத்திட்டு அது தீர்வாணையாகிவிட்டால் அதன்மேல் மேல்முறையீடு கிடையாது. விபத்திலே காலிழந்தவரிடம் "வந்ததை வாங்கிக்கொள்" என்று அவசரப்படுத்துவோர் உண்டு. தொகை போதாது என்று தோன்றினால் மறுத்துவிட்டு எழுந்து வரலாம். வழக்கு செத்துவிடாது, பழைய நீதிமன்றத்திலே தொடரும்.

இவ்வளவு வாசல்கள் திறந்திருக்கின்றன. பிறகு ஏன் வாசலுக்கு வெளியே தரகர் நிற்கிறார்? வாசல் இருக்கிறது என்று எழுதி வைக்க ஆளில்லாததால்! தகவல் உரிமைச் சட்டத்தின் நான்காம் பிரிவு, ஒவ்வோர் அலுவலகமும் தன் பணிகள், நடைமுறைகள், மக்கள் பெறக்கூடிய வசதிகள் ஆகியவற்றை யாரும் கேட்காமலே வெளியிடவேண்டும் என்கிறது. வட்டார மொழியைக் கருத்திலே கொண்டு பரப்பவேண்டும் என்கிறது. சட்டம் அதற்குக் கொடுத்த கெடு 120 நாள். ஆண்டு இருபது கடந்துவிட்டது! வட்டாட்சியர் அலுவலகச் சுவரிலே தலைவர்களின் படங்களுக்கு இடம் இருக்கிறது, இன்ன மனுவுக்கு இன்ன தாள், இன்ன கட்டணம் என்று பத்து வரி தமிழிலே எழுத இடமில்லையா?

கணினி வந்தால் தரகர் ஒழிவார் என்றார்கள். 2025 சனவரி முதல் நுகர்வோர் வழக்குகளுக்கு 'இ-ஜாக்ருதி' என்ற இணையதளம் வந்திருக்கிறது. பதினாறு இலக்க வழக்கு எண் இருந்தால் வாய்தா என்றைக்கு என்று இ-கோர்ட்ஸ் தளத்திலே காசில்லாமல் பார்க்கலாம். வில்லங்கச் சான்றையும் பட்டா விவரத்தையும் வீட்டிலிருந்தே பார்க்கலாம். மறுக்கவில்லை, நல்லவைதான். ஆனால் தரகர் ஒழிந்தாரா? மரத்தடியிலிருந்து எழுந்து கணினிக் கடைக்குள்ளே போய் உட்கார்ந்துகொண்டார்! வாய்தா தேதி பார்த்துச் சொல்ல ஐம்பது ரூபாய் வாங்கும் கடையை நாமே கண்டோம். மரத்தடியிலே மனு எழுதும் பெரியவர்மீதாவது நமக்கு வருத்தமில்லை, அவர் எழுதிய எழுத்துக்குத்தானே கூலி கேட்கிறார்.

ஆகவே கழகத் தோழர்களுக்கு ஒரு வேலை. உங்கள் ஊர்ப் படிப்பகத்திலே நாளேடுகளுக்குப் பக்கத்திலே ஒரு கோப்பு வையுங்கள். தகவல் உரிமை மனு, அதன் மேல்முறையீடு, காவல் நிலையப் புகார், கண்காணிப்பாளருக்கு எழுதும் கடிதம், நுகர்வோர் மனு, சட்ட உதவி விண்ணப்பம் — இவற்றுக்கு ஒவ்வொரு மாதிரி. நிரப்புகிற இடத்தைக் கோடிட்டு விடுங்கள். கூடவே கட்டணமும் காலக்கெடுவும் எழுதி, எந்த மாதம் சரிபார்த்தது என்றும் குறித்துவிடுங்கள், ஏனெனில் விதிகள் மாறும். பழைய தாளை நம்பி ஒருவர் போய்த் திரும்பக்கூடாது. பத்தாம் வகுப்பு படித்த தம்பி ஒருவர் வாரத்துக்கு ஒரு மாலை உட்கார்ந்தால் போதும். காசு வாங்கக்கூடாது. தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லவும் கூடாது. சட்டப்பணிகள் குழுவுக்கு வழிகாட்டிவிட வேண்டும். எழுதிய மனுவின் நகலும், விரைவஞ்சல் ரசீதும் மனுதாரர் கையிலே இருக்கவேண்டும். பதிவுத் தபால் 2025-லே விரைவஞ்சலோடு இணைக்கப்பட்டுவிட்டதால், ஒப்புகை வேண்டும் என்று அஞ்சலகத்திலே கேட்டு வாங்குங்கள்.

விசைத்தறித் தோழரின் மனுவை அவரே எழுதினார். மூன்று பக்கம். நாம் இரண்டு தேதிகளைத்தான் திருத்தினோம். அக்காள் மகன் அதைக் கணினியிலே ஏற்றினான். மனு எண் வந்ததும், அதைத் தாளிலே எழுதி மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டார். பெட்டி இன்னும் வீட்டு மூலையிலேதான் நிற்கிறது. பழைய இரும்புக்குப் போடலாமே என்று பக்கத்து வீட்டார் கேட்டார்களாம். "கை வைக்காதீர்கள், அது சாட்சி!" என்று துணைவியார் விரட்டிவிட்டாராம்.