இந்த 'ஸ்பேட்' வேறு!

2021 நவம்பரில் காஞ்சிபுரத்தை ஒட்டிய பாலாற்றில் வெள்ளம் இரு கரையும் தொட்டு ஓடியது. வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் வெறும் மணலாகக் கிடக்கும் ஆறு அது. இப்படிப் பெருகும் ஆற்றைத்தான் ஆங்கிலத்தில் 'இன் ஸ்பேட்' என்பார்கள்.

மண்வெட்டியும் சீட்டுக்கட்டு இஸ்பேடும் வேறு. அவற்றில் வருவது 'டாக்டர்' டி. இதில் வருவது 'டைகர்' டி. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுவதுதான் சங்கடம்!

ஸ்காட்லாந்திலும் வட இங்கிலாந்திலும் 15-ஆம் நூற்றாண்டிலேயே வழங்கிய சொல் இது. மழையால் ஆற்றில் திடீரெனப் பெருகும் வெள்ளம் என்று பொருள். அதன் வேர் எதுவென்று அகராதிகள் அறுதியிட்டுச் சொல்வதில்லை.

பாலாற்றுக்கு இது ரொம்பவே பொருத்தம். கர்நாடகத்தின் நந்தி மலைப் பகுதியில் பிறந்து, ஆந்திரம் வழியாக வருகிறது ஆறு. மேலே கொட்டிய மழை, இங்கே வெயில் அடிக்கும்போதுகூட வந்து சேரலாம். திருமுக்கூடலில் செய்யாறும் வேகவதியும் கலந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மணல்தானே என்று ஆற்றில் இறங்குகிறவருக்கு ஆபத்து அந்த 'திடீர்'தான். வெறும் 'ஃப்ளட்' என்றால் அது விளங்காது.

'எ ஸ்பேட் ஆஃப் தெஃப்ட்ஸ்' என்றால் அடுத்தடுத்து நடக்கும் திருட்டுகள். பெரும்பாலும் வேண்டாத விஷயங்களுக்கே இது வரும். முகூர்த்த மாதத்தில் பட்டுப்புடவை ஆர்டர்கள் குவிந்தால் 'ரஷ்' என்று சொல்லுங்கள். 'ஸ்பேட்' என்றால் கடைக்காரர் முகம் சுளிக்கலாம்.