கடல்கோளும் கண்டத்தட்டும்: தமிழாய்வில் வேண்டிய தெளிவு

கடல்கொண்ட தமிழ்நிலம் பற்றிய ஆய்வுகள் பலவும் இறையனார் அகப்பொருள் உரையையும் அடியார்க்குநல்லார் உரையையும் சான்று காட்டிய கையோடு இலெமூரியாக் கண்டத்திற்குத் தாவிவிடுகின்றன. உரைமரபும் நிலவியல் கருதுகோளும் வெவ்வேறு வகைச் சான்றுகள். இரண்டையும் ஒன்றாகப் பிணைப்பது உரைமரபின் மதிப்பையே குறைக்கும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

மடகாசுகரின் இலெமூர் விலங்குகளுக்கு உறவான இனங்கள் இந்தியாவிலும் இருப்பதற்கு விளக்கமாக 1864இல் பிலிப் சுகிளேட்டர் என்னும் விலங்கியலாளர் முன்வைத்ததே இலெமூரியா. 1912இல் ஆல்பிரெட் வெகெனர் கண்டப்பெயர்ச்சியை முன்மொழிந்தார். 1960களில் கண்டத்தட்டுக் கொள்கை நிலைபெற்றது. அதன்பின் மூழ்கிய பெருங்கண்டம் ஒன்றைக் கற்பிக்கும் தேவை ஒழிந்தது. நிலம் மூழ்கவில்லை, பிரிந்து நகர்ந்தது.

அந்நகர்வின் தடங்கள் கடையநல்லூருக்கு மேற்கே நிற்கும் மலைத்தொடரிலேயே உள்ளன. செங்கோட்டைக்கு அப்பாலுள்ள அச்சன்கோவிலின் பெயரால் வழங்கும் பாறைப் பிளவுமண்டலம், ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன் கோண்டுவானாப் பெருநிலம் ஒன்றுசேர்ந்தபோது உருமாறிய பாறைகளைக் கொண்டது. ஏறத்தாழ 9 கோடி ஆண்டுகளுக்கு முன் மடகாசுகர் இந்தியாவை விட்டுப் பிரிந்தது. அப்பிரிவின் விளிம்போடு மேற்குத் தொடர்ச்சி மலையின் தோற்றத்தை அறிஞர் பலர் தொடர்புபடுத்துவர். குற்றால மலையில் தோன்றும் சிற்றாறு மேற்குக் கடலை நாடாது கிழக்கே ஓடிப் பொருநையில் கலப்பதும் இந்நில அமைப்பின் விளைவே.

மொரீசியசுத் தீவின் அடியில் பழங்கண்டத் துண்டு உண்டென 2013இல் வெளிவந்த ஆய்வைக் குமரிக்கண்டத்திற்குச் சான்றாகக் காட்டுவோர் உளர். அத்துண்டின் வரலாறு கோடிக்கணக்கான ஆண்டுகள் பழமையது. இன்றைய மனித இனத்தின் வயதோ ஏறத்தாழ 3 இலட்சம் ஆண்டுகளே. அந்நிலத்தில் சங்கம் இருந்திருக்க இயலாது.

இதனால் கடல்கோள் மரபு பொய்யாகிவிடாது. அடியார்க்குநல்லார் பஃறுளியாற்றுக்கும் குமரியாற்றுக்கும் இடைப்பட்ட 49 நாடுகளைக் குறித்தாரேயன்றிக் கண்டம் ஒன்றைக் குறித்தாரல்லர். கண்டம் என்பது பின்னையோர் ஏற்றிய பொருள். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல்மட்டம் இன்றையதினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. பனியுருகக் கடல் ஏறியபோது தென்கடற்கரையின் ஆழங்குறைந்த பரப்புகள் நீருள் மறைந்தன. சுமத்திரா அருகே தட்டுகள் மோதும் எல்லையில் எழுந்த நிலநடுக்கத்தால் 2004 திசம்பர் 26இல் ஆழிப்பேரலை நம் கரையைத் தாக்கியது. கடல் நிலத்தைக் கொள்ளும் என்னும் நினைவு பிறக்க இவை போன்ற நிகழ்வுகளே போதும். கண்டம் ஒன்று மூழ்க வேண்டியதில்லை.

ஆகவே, கடல்கோள் ஆய்வாளர் மூன்றைப் பிரித்தறிதல் வேண்டும்: உரையாசிரியர் கூறியது யாது, அவர் காலம் யாது, நிலவியல் காட்டும் காலஅளவு யாது. கரையோரக் கடலடி ஆய்வுகளோடு உரைச்சான்றுகளை ஒப்பிடும் பணியில் தமிழ்த்துறைகளும் நிலவியல் துறைகளும் இணைய வேண்டும். பழமையை நிறுவத் தமிழுக்கு மூழ்கிய கண்டம் தேவையில்லை. முறையான சான்றே தேவை.