கேப்சூலோடு ஒரு தமிழ்த் தாளும் வேண்டும்

கீமோ என்றாலே கையில் ஊசி குத்திச் சொட்டுச் சொட்டாக மருந்தேற்றுவது என்று நம்மில் பெரும்பாலோர் எண்ணியிருக்க, மூளைக் கட்டிகளுள் மிகக் கொடியதாகிய கிளியோபிளாஸ்டோமாவுக்கு இன்று பிரதானமாகத் தரப்படும் டெமோசோலமைடு, வெறும் வயிற்றில் தண்ணீருடன் விழுங்குகிற சாதாரணக் கேப்சூலாகவே வருகிறது.

மூளையின் நுண்ணிய ரத்தக் குழாய்களில் உயிரணுக்கள் இடைவெளியின்றி இறுகப் பிணைந்து நிற்பதால், விஷங்களைத் தடுக்கும் அந்த அரணே ஔஷதங்களில் பெரும்பாலானவற்றையும் தடுத்துவிடுகிறது. அதைத் தாண்டுவதற்கு வைத்திய உலகம் செய்த பிரயத்தனங்கள் பலவிதம். கட்டியை அகற்றிய குழியிலேயே கார்மஸ்டின் ஊறிய வில்லைகளைப் பதிப்பது ஒன்று; பிரிவினைக்கு முந்திய பஞ்சாபில் பிறந்த ஆயுப் ஓமாயா 1963-ல் அறிவித்த சிறு குமிழைத் தலைத்தோலுக்கடியில் வைத்து, அதன் வழியே மூளையைச் சூழ்ந்த நீரில் மருந்தைச் செலுத்துவது மற்றொன்று. டெமோசோலமைடோ மிகச் சிறிய மூலக்கூறாதலால், குடலிலிருந்து ரத்தத்துக்கும் அங்கிருந்து மூளைக்கும் தானாகவே சென்று சேர்கிறது. கதிர்வீச்சுடன் இதையும் சேர்த்துக் கொடுத்தபோது, இரண்டாண்டு உயிர் வாழ்ந்தோர் நூற்றுக்கு 10 பேரிலிருந்து 26 பேராக உயர்ந்ததாக ஐரோப்பிய, கனடிய வைத்தியர்கள் 2005-ல் அறிவித்தார்கள். கொண்டாடத்தக்க வெற்றி அல்லதான். ஆயினும் அந்த 16 பேரின் குடும்பங்களைக் கேட்டால் தெரியும்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் அடையாற்றில் புற்றுநோய் நிலையத்தைத் தோற்றுவித்த காலத்தில், இந்நோய்க்கான சிகிச்சை ஆஸ்பத்திரிச் சுவர்களுக்குள்ளேயே நடந்து முடிந்தது. இன்று அதில் ஒரு பாதி, மந்தைவெளியிலோ மாம்பலத்திலோ ஒரு வீட்டின் சாப்பாட்டு மேஜைக்கு வந்துவிட்டது. மருந்து கொடுக்கும் நர்ஸின் ஸ்தானத்தில் மனைவியோ மகளோ நிற்கிறாள்.

அவள் போட வேண்டிய கணக்கைப் பாருங்கள். நோயாளியின் தேகப் பரப்பு 1.6 சதுர மீட்டர் என்றால், கதிர்வீச்சு நடக்கும் ஆறு வாரமும் நாளொன்றுக்கு 120 மில்லிகிராம்: நூறில் ஒன்று, இருபதில் ஒன்று. சனி, ஞாயிறு கதிர்வீச்சுக்கு விடுமுறை. கேப்சூலுக்கு விடுமுறை இல்லை. பிறகு நான்கு வாரம் ஓய்வு. அதன்பின் 28 நாளுக்கு ஒருமுறை, ஐந்தே நாள், 240 மில்லிகிராம்: நூறில் இரண்டு, இருபதில் இரண்டு. ரத்தப் பரிசோதனை சரியாக இருந்தால் அடுத்த சுற்றில் 320. ஐந்து நாளைப் பத்து நாளாக நீட்டிவிட்டால் ரத்தத்தட்டுகளும் வெள்ளணுக்களும் ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். இவ்வளவையும் ஆங்கிலச் சுருக்கெழுத்தில் ஒரே வரியாக எழுதிய சீட்டொன்றை நான் பார்த்திருக்கிறேன். எந்த ஆஸ்பத்திரி என்பது இங்கே முக்கியமன்று.

இன்னொன்றும் உண்டு. விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு மாத்திரையைப் பொடித்துத் தேனிலோ வாழைப்பழத்திலோ குழைத்துக் கொடுப்பது நம் வீடுகளில் பரம்பரை வழக்கம். இந்தக் கேப்சூலைத் திறக்கவே கூடாது. உள்ளிருக்கும் தூள் தோலில் பட்டாலும் மூச்சில் ஏறினாலும் கெடுதல், அதிலும் வீட்டில் கர்ப்பிணி இருந்தால் விசேஷக் கவனம் வேண்டும். ஆங்கிலச் சீட்டில் இந்த எச்சரிக்கை இருந்தாலுங்கூட அதை யார் படிக்கப் போகிறார்கள்? மயிலாப்பூரின் பழைய ஆயுர்வேத வைத்தியர்கள் சாதாரண லேகியத்துக்கே வேளை, அனுபானம், பத்தியம் மூன்றையும் வாய்விட்டுச் சொல்லித்தான் அனுப்பினார்கள்.

கூட்டம் மிகுதி, நேரமில்லை என்று டாக்டர்கள் சொல்வதில் உண்மை இருக்கிறது. ஆனால் நான் கேட்பது அவர்களுடைய நேரத்தை அல்ல. அச்சிட்ட ஒரே ஒரு தமிழ்த் தாளை. தேதிவாரியாக எந்த நிறக் கேப்சூல் எத்தனை, அதற்கு முன் எடுக்கவேண்டிய வாந்தி மாத்திரை எது, ரத்தப் பரிசோதனை என்றைக்கு, ஜுரம் வந்தால் நள்ளிரவிலும் கூப்பிட வேண்டிய எண் எது என்பவற்றை மருந்தகத்தில் இருப்பவரே நிரப்பிக் கொடுத்துவிடலாம். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்காக இத்தனை படிவங்களில் கையெழுத்து வாங்குகிற ஆஸ்பத்திரிகள், இந்தத் தாளைத் தந்ததற்கும் ஒரு கையெழுத்து வாங்கியாக வேண்டும் என்று அரசாங்கம் நிபந்தனை விதிக்கட்டும்.