பின்விளக்கைப் பளபளக்க வைத்தால் மட்டும் போதுமா?

மாலை ஆறரை மணிக்குக் கனமழையில் மோட்டாரில் வீடு திரும்பிய அனுபவம் நம்மில் பலருக்கு உண்டு. தலைக்கவசக் கண்ணாடியில் தண்ணீர் வழிந்துகொண்டிருக்கும். முன்னால் போகும் கார் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, பிரேக் பிடிக்கிறதா இல்லையா என்பதை அதன் சிவப்பு விளக்கை வைத்துத்தான் தெரிந்துகொள்கிறோம். அந்த விளக்கின் மூடி பல வருட வெயிலில் வெளிறி, பாலாடை படிந்ததுபோல் மங்கிக் கிடந்தால் என்ன ஆகும்? நம் நாட்டில் சாலை விபத்துகளில் இறப்பவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். பழைய காரின் பின்விளக்கைத் துலக்குவதை வெறும் அழகு வேலை என்று சொல்பவர்களோடு இதனால்தான் நான் உடன்படுவதில்லை. காரை ஓட்டுபவர் அந்த விளக்கைப் பார்ப்பதே இல்லை. அது பின்னால் வருபவருக்காக வைக்கப்பட்டது.

கல்லூரியிலும் பாலிடெக்னிக்கிலும் படிக்கும் நண்பர்களிடம் கார் இருந்தால், அது பெரும்பாலும் வீட்டில் கைமாறி வந்ததாகவே இருக்கும். அப்பா ஓட்டிய கஞ்சில், அக்கா முதல் சம்பளத்தில் தவணை கட்டத் தொடங்கிய மைவி, மாமா விற்க மனமில்லாமல் வைத்திருந்த சாகா. கஞ்சில் உற்பத்தி 2009இல் நின்றுபோனது. முதல் மைவி வந்தது 2005இல். அடுக்குமாடி வீடுகளில் இருப்பவர்களுக்குக் கூரையுள்ள நிறுத்துமிடமும் கிடைப்பதில்லை. ஆண்டு முழுவதும் வெயிலிலும் மழையிலும் நிற்கும் காரின் விளக்கு மங்காமல் வேறென்ன செய்யும்?

மங்கியதைப் பார்த்ததும் நாம் செய்யும் முதல் காரியம் கைப்பேசியில் காணொளி தேடுவதுதான். பற்பசையைத் தடவு, கொசுவிரட்டியை அடி, தின்னரில் துடை என்று ஆளுக்கொரு வைத்தியம் சொல்கிறார்கள். ஒரே நிமிடத்தில் விளக்கு பளபளக்கிறது. ஆனால் ஆறு மாதம் கழித்து அந்த விளக்கு எப்படி இருந்தது என்று காட்டும் காணொளியை நான் இதுவரை பார்த்ததில்லை.

நானும் அப்படி ஏமாந்தவன்தான். எங்கள் வீட்டுக் காரின் இடப்பக்க விளக்கைத் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தேன். துடைத்த நேரத்தில் நன்றாகத்தான் இருந்தது. மறுநாள் பார்த்தால் சிலந்தி வலைபோல் மயிரிழை விரிசல்கள். தம்பி பார்த்துச் சிரித்தான். அப்பா ஒன்றும் சொல்லவில்லை. அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது.

ஏன் அப்படி ஆனது என்று பிறகு உட்கார்ந்து படித்தபோதுதான், விடை என் பள்ளிப் புத்தகத்திலேயே இருந்தது தெரிந்தது. பெரும்பாலான கார்களில் முன்விளக்கு மூடி பாலிகார்பனேட், பின்விளக்கு மூடி அக்ரிலிக். இரண்டும் ஐந்தாம் படிவ வேதியியலில் நாம் படிக்கும் பாலிமர் குடும்பத்தைச் சேர்ந்தவை. 1930களில் விற்பனைக்கு வந்த அக்ரிலிக், இரண்டாம் உலகப் போரில் விமானங்களின் கண்ணாடிக் கூண்டாகவும் பயன்பட்டது. வெயிலைத் தாங்குவதில் பாலிகார்பனேட்டைவிட இது கெட்டி. அதனால்தான் முன்விளக்கு முதலில் மஞ்சளாகிறது, பின்விளக்கு மெதுவாக மங்குகிறது. ஆனால் தின்னர், அசிட்டோன், பெட்ரோல் போன்றவை பட்டால் அக்ரிலிக் விரிசல் விடும். கொசுவிரட்டியில் இருக்கும் டீட் என்ற பொருளும் பிளாஸ்டிக்கின் மேற்பரப்பை இளக்கிவிடக்கூடியது. காணொளியில் நாம் பார்க்கும் பளபளப்பு அந்த இளகல்தான். பற்பசை அவ்வளவு மோசமில்லை. அதிலுள்ள நுண்துகள்கள் லேசாக உராய்ந்து மெருகேற்றும். ஆனால் ஆழமான கீறலை அது தொடக்கூட முடியாது, வெயிலிலிருந்து காக்கும் படலம் எதையும் விட்டுச் செல்வதுமில்லை.

கையில் எதையும் எடுக்கும் முன் ஒரு குவளைத் தண்ணீரை விளக்கின்மேல் ஊற்றிப் பாருங்கள். ஈரமாக இருக்கும்போது சிவப்பு பளிச்சென்று தெரிந்தால், குறை மேற்பரப்பில்தான் இருக்கிறது. ஒளிவிலகல் எண் காற்றுக்கு 1, தண்ணீருக்கு 1.33, அக்ரிலிக்குக் கிட்டத்தட்ட 1.49. கீறல்களில் காற்று இருக்கும்போது ஒளி கண்டபடி சிதறும். தண்ணீர் அந்தப் பள்ளங்களை நிரப்பினால் சிதறல் குறையும். நான்காம் படிவ இயற்பியலில் இந்த எண்களைப் போட்டு எத்தனை கணக்குச் செய்திருப்போம்! தண்ணீர் ஊற்றியும் மங்கலாகவே இருந்தால் நிறமே வெளுத்திருக்கிறது, அல்லது கோளாறு உள்ளே இருக்கிறது. அப்போது வெளியே எவ்வளவு தேய்த்தாலும் வீண்.

மேற்பரப்புக் குறைக்கு வேண்டியது மணல்தாளும் பொறுமையும். ஹார்ட்வேர் கடையில் தண்ணீரில் நனைத்துத் தேய்க்கக்கூடிய தாள் என்று கேளுங்கள். விளக்கைச் சோப்புத் தண்ணீரில் கழுவி, சுற்றியுள்ள பெயிண்டை மறைக்க ஒட்டுநாடாவை இரண்டு அடுக்காக ஒட்டுங்கள். 1000 எண் தாளில் தொடங்கி 1500, 2000, 3000 என்று ஏறுங்கள். ஒரு தாளில் இடவலமாகத் தேய்த்தால் அடுத்த தாளில் மேல்கீழாகத் தேய்க்க வேண்டும். அப்போதுதான் முந்தைய தாள் விட்ட கோடுகள் எல்லாம் போய்விட்டனவா என்று தெரியும். தாள் எப்போதும் ஈரமாக இருக்க வேண்டும். 1000 எண் தாளைத் தேய்த்து முடித்ததும் விளக்கு முன்பைவிட மோசமாகத் தெரியும். பயந்து நிறுத்துபவர்கள் அந்த இடத்தில்தான் நிறுத்துகிறார்கள். கடைசியில் மெருகுப் பசையைக் கையால் தேய்க்கலாம். துளைக்கருவியில் பஞ்சு மாட்டிச் சுழற்றுவது வேகமான வழிதான், ஆனால் அக்ரிலிக் 105 பாகை செல்சியஸ் அளவில் இளகத் தொடங்கும். ஒரே இடத்தில் அழுத்திப் பிடித்தால் உருகிய தடம் நிரந்தரம்.

பளபளப்பு வந்ததும் படம் எடுத்து நண்பர்களுக்கு அனுப்பிவிட்டு அதோடு விட்டுவிடுகிறோம். என் சண்டை இதனோடுதான். தேய்த்த பரப்பு வெயிலுக்குத் திறந்து கிடக்கிறது. பின்விளக்குக்குப் புறஊதாக் கதிரைத் தடுக்கும் நல்ல மெழுகைச் சில மாதங்களுக்கு ஒருமுறை பூசினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். முன்விளக்குக்கு அது போதாது. அதன் கெட்டிப் பூச்சைத் தேய்த்து எடுத்துவிட்டால் அதற்கு ஈடான பூச்சைத் திரும்பப் பூசியே ஆகவேண்டும். இரண்டு திரவங்களைக் கலந்து அடிக்கும் கிளியர் கோட்டில் ஐசோசயனேட் இருக்கும். அதைச் சுவாசித்தால் நுரையீரல் கெடும், ஆஸ்துமா வரலாம். மருந்துக்கடை முகக்கவரி அதைத் தடுக்காது. தம்பி தங்கை விளையாடும் வீட்டு வாசலில் அதை அடிக்காதீர்கள், பட்டறையில் கொடுத்துவிடுங்கள். எல்லாவற்றையும் நாமே செய்ய வேண்டும் என்ற வீம்பு எனக்கும் இருந்தது. இந்த ஒரு விஷயத்தில் அதை விட்டுவிட்டேன்.

"புது விளக்கு வாங்கினால் போயிற்று, எதற்கு இவ்வளவு பாடு?" என்று கேட்கலாம். மூடி உடைந்திருந்தாலும், உள்ளே தண்ணீர் தேங்கினாலும், உட்புற வெள்ளிப் பூச்சு உரிந்திருந்தாலும் வாங்கத்தான் வேண்டும். அங்கே சிக்கனம் பார்ப்பது தவறு. ஆனால் மேல்தோல் மட்டும் மங்கிய நல்ல விளக்கைக் குப்பையில் போட்டுவிட்டு, அப்பாவிடம் காசு கேட்பதில் எனக்கு உடன்பாடில்லை. கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டி மங்கலை மறைக்கும் நண்பர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஜேபிஜே பிடிக்கும் என்பது ஒருபுறம் இருக்கட்டும், பின்னால் வரும் மோட்டாரோட்டியை ஒரு நிமிடம் நினைத்துப் பாருங்கள்.

விளக்கு எரியாத நேரத்திலும் வேலை செய்யும் பகுதி ஒன்று அதிலேயே இருக்கிறது. மூடியின் உட்புறத்தில் தேன்கூடுபோல் தெரியும் சதுரம்தான் அது. ஒன்றுக்கொன்று செங்குத்தான மூன்று முகங்கள் கொண்ட சிறு மூலைகள் அங்கே வரிசையாக இருக்கும். எந்தக் கோணத்தில் ஒளி வந்தாலும் பெரும்பாலும் வந்த திசைக்கே திருப்பி அனுப்பும். நாம் பந்துலான் டாலாம் பெனு என்று மனப்பாடம் செய்த முழு அக எதிரொளிப்புதான் இது. அக்ரிலிக்கில் மாறுநிலைக் கோணம் ஏறத்தாழ 42 பாகை. 1969இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பானும் இதே மூலை அமைப்புதான். கார் பழுதாகி நெடுஞ்சாலை ஓரத்தில் இருட்டில் நிற்கும்போது, பின்னால் வருபவருக்கு அந்தச் சதுரம்தான் கண்ணில் படும். வெளிப்பரப்பு மங்கினால் போகும் ஒளியும் சிதறும், திரும்பும் ஒளியும் சிதறும்.

எனவே வேலை முடிந்த அன்று இரவு, காரின் விளக்குகளை அணைத்துவிட்டு இருபது அடி தள்ளி நில்லுங்கள். டார்ச்சைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்து அடித்துப் பாருங்கள். ஒளி வந்த வழியே திரும்புவதால் கையைத் தாழ்த்திப் பிடித்தால் சரியாகத் தெரியாது. எங்கள் காரில் வலப்பக்கச் சதுரம் நெருப்புத் துண்டுபோல் மின்னுகிறது. இடப்பக்கம் இன்னும் மங்கல்தான், தின்னர் பட்ட விரிசல் போகவில்லை. அதற்கு மட்டும் பழைய உதிரிபாகக் கடையில் மாற்று விளக்குச் சொல்லி வைத்திருக்கிறேன், என் சொந்தக் காசில்.