பதினெட்டு வயதில் ஒரு தீர்ப்பு

சில ஆண்டுகளுக்கு முன் கனடா சென்றிருந்தபோது, ரொறொன்ரோவுக்குக் கிழக்கே உள்ள ஒஷாவா நகரில் இளையோர் ஐஸ் ஹொக்கிப் போட்டி ஒன்றைப் பார்க்க உறவினர் ஒருவர் என்னை அழைத்துச் சென்றார். ஆட்டம் எனக்கு அதிகம் விளங்கவில்லை. என் கவனத்தை ஈர்த்தவர்கள் அரங்கின் மேல்வரிசையில் அமர்ந்திருந்த நான்கைந்து பேர். கோல் விழுந்தபோதும் அவர்கள் கைதட்டவில்லை. குறிப்பேடுகளில் எழுதிக்கொண்டே இருந்தார்கள். "ஸ்கவுட்டுகள்" என்றார் உறவினர். "இந்தப் பையன்களில் எவன் தேறுவான் என்று கணக்குப் பார்க்கிறார்கள்."

அந்தக் கணக்கைப் பற்றித்தான் எழுத விரும்புகிறேன்.

வட அமெரிக்காவின் தேசிய ஹொக்கி லீக்கில் 32 அணிகள் உள்ளன. ஆண்டுதோறும் கோடையில் அவை முறை வைத்து ஏழு சுற்றுகளில் 224 இளைஞர்களைத் தமக்கென ஒதுக்கிக்கொள்கின்றன. இதற்கு ட்ராஃப்ட் என்று பெயர். அவ்வாண்டு செப்டெம்பர் 15ஆம் திகதிக்குள் 18 வயதை எட்டுபவன் இதற்குத் தகுதி பெறுகிறான். எந்த அணியில் ஆடுவது என்பதை அவன் தீர்மானிப்பதில்லை. அவனுக்குக் கிடைப்பது ஓர் இலக்கம். அந்த இலக்கம் அவன் பெயருடன் ஆயுள் முழுவதும் ஒட்டிக்கொள்கிறது.

ஸ்கவுட்டுகள் மீது எனக்குக் குறை இல்லை. மாரிகாலத்தில் பனி மூடிய நெடுஞ்சாலைகளில் ஊர் ஊராக அலைந்து, தாம் கண்டதை நேர்மையாக எழுதுபவர்கள் அவர்கள். என் குறை, அவர்களிடம் கேட்கப்படும் கேள்வி மீது. பதினெட்டு வயதுப் பையன் ஒருவன் இருபத்தைந்து வயதில் என்னவாக இருப்பான் என்ற கேள்விக்கு விடை கிடையாது. லீக்கின் சொந்தப் பதிவேடுகளே இதற்குச் சாட்சி.

1999ஆம் ஆண்டை எடுத்துக்கொள்வோம். அட்லான்டா அணி முதலாவதாகத் தெரிவுசெய்தவர் செக் நாட்டவரான பற்றிக் ஸ்டெஃபான். அவர் 455 ஆட்டங்களில் 64 கோல்கள் அடித்து ஓய்ந்தார். அதே ஆண்டு 210ஆம் இடத்தில் டெட்ரொய்ட் அணியால் தெரிவுசெய்யப்பட்டவர் சுவீடனின் ஹென்ரிக் செட்டர்பேர்க். 2008இல் அந்த அணி ஸ்டான்லி கிண்ணத்தை வென்றபோது இறுதிச் சுற்றுகளின் சிறந்த வீரர் அவரே. டெட்ரொய்ட்டின் கூர்மையான பார்வைக்கு இதை உதாரணமாகச் சொல்வார்கள். நான் அப்படிக் கருதவில்லை. அவருடைய அருமை தெரிந்திருந்தால் 210 வரை காத்திருந்திருப்பார்களா? அவருக்கு முன் அதே அணி வேறு சிலரைத் தெரிவுசெய்திருந்தது.

ரஷ்யாவின் பாவெல் தட்சியூக்கை முதல் இரு ஆண்டுகளிலும் எந்த அணியும் தொடவில்லை. 1998இல் 171ஆம் இடத்தில் தெரிவான அவர், 2024இல் ஹொக்கியின் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டார். மார்ட்டின் சென் லூயியின் பெயரை எந்த ஆண்டும் எவரும் சொல்லவில்லை. உயரம் போதாது என்றார்கள். 2004இல் லீக்கின் மிகப் பெறுமதியான வீரர் அவர்தான்.

இவை விதிவிலக்குகள் என்று சொல்லித் தப்ப முடியாது. 2013இல் வெளியான ஆய்வொன்று, 1980 முதல் 2007 வரை தெரிவான கனேடிய வீரர்களைக் கணக்கெடுத்தது. ஜனவரி முதல் மார்ச் வரை பிறந்தோர் தெரிவானவர்களில் 36 வீதம். ஆனால் ஆடப்பட்ட ஆட்டங்களில் அவர்களின் பங்கு 28 வீதமே. ஜூலை முதல் டிசெம்பர் வரை பிறந்தோர் தெரிவானவர்களில் 34 வீதம். ஆட்டங்களிலோ 42 வீதம். காரணம் எளிது. கனடாவில் சிறுவர் அணிகள் ஜனவரி முதலாம் திகதியை எல்லையாக வைத்துப் பிரிக்கப்படுகின்றன. தை மாதத்தில் பிறந்தவன் மார்கழியில் பிறந்தவனைவிட ஏறத்தாழ ஒரு வயது மூத்தவன். அந்த ஒரு வயதின் உடல் வளர்ச்சியைத் திறமை என்று எண்ணிப் பெரியவர்கள் ஏமாறுகிறார்கள். பதினெட்டு வயதிலும் அந்த ஏமாற்றம் தீரவில்லை என்பதைத்தான் இந்தக் கணக்குக் காட்டுகிறது.

நம்மவர் பெருமளவில் வாழும் ஸ்காபரோவிலிருந்து ஓர் உதாரணம் தருகிறேன். அங்கு வளர்ந்த வேய்ன் சிமண்ட்ஸ் ஓகஸ்ட் மாதத்தில் பிறந்தவர். 2006இல் தகுதி பெற்றபோது அவரை எவரும் தெரிவுசெய்யவில்லை. ஒரே ஒரு ஆண்டு கழித்து லொஸ் ஏஞ்சலிஸ் அணி இரண்டாம் சுற்றில் அவரைத் தெரிவுசெய்தது. பின்னர் அவர் ஆயிரத்துக்கும் அதிகமான ஆட்டங்களில் ஆடினார். அந்த ஓர் ஆண்டைத்தான் எல்லாப் பையன்களுக்கும் கேட்கிறேன். ட்ராஃப்ட் வயதை 19 ஆக உயர்த்துங்கள்.

18 என்பது புனிதமான எண் அன்று. 1970களின் இறுதிவரை லீக் பொதுவாக 20 வயதில்தான் வீரர்களைத் தெரிவுசெய்தது. போட்டி லீக் ஒன்று இளம் வீரர்களை ஒப்பந்தம் செய்யத் தொடங்கியதும், வயதெல்லைக்கு எதிராக 1977இல் நீதிமன்றத் தீர்ப்பு வந்ததுமே வயது குறைக்கப்பட்டதற்குக் காரணம். பதினெட்டு வயதில் திறமையை அறியலாம் என்று எவரும் கண்டுபிடித்துவிடவில்லை.

"உழைக்கக்கூடிய பையனின் வருமானத்தைத் தடுக்கலாமா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் 18 வயதில் தெரிவாவோரில் மிகப் பெரும்பாலோர் அந்த ஆண்டே லீக்கில் ஆடுவதில்லை; பழைய அணிக்கே திரும்பிக் காத்திருக்கிறார்கள். 2005இல் சிட்னி குரொஸ்பி, 2015இல் கொனர் மக்டேவிட் போன்ற அபூர்வமானவர்களுக்குத் தனி அனுமதி கொடுக்கலாம். ஒன்ராறியோ இளையோர் லீக் இதற்கு வழிகாட்டியிருக்கிறது. 2012இல் மக்டேவிட்டை வயதுக்கு முன்பே சேர்த்துக்கொண்டது அத்தகைய விதிவிலக்கின் கீழ்தான். ஒருவனுக்காக இருநூறு பேரை அவசரப்படுத்த வேண்டியதில்லை.

இறுதியாக என் தொழிலைப் பற்றி. 2014இல் ட்ராஃப்ட்டுக்கு முந்திய உடற்பரிசோதனையில் சாம் பெனெட் என்ற பையனால் கம்பியைப் பிடித்து ஒரு தடவைகூட உடலை மேலே இழுக்க முடியவில்லை. பத்திரிகைகள் அதைக் கொண்டாடின. 2025இல் ஃபுளோரிடா அணி ஸ்டான்லி கிண்ணத்தை வென்றபோது இறுதிச் சுற்றுகளின் சிறந்த வீரர் விருது பெற்றவர் அதே பெனெட். ஸ்டெஃபானுக்கு அந்த ஆறுதலும் இல்லை. 2007 ஜனவரியில் காவலர் இல்லாத கோலுக்குள் பந்துத் தட்டைச் செலுத்தத் தவறிய ஒரு கணத்தை வைத்தே இன்றும் அவரை ஏளனம் செய்கிறார்கள். 455 ஆட்டங்கள் ஆடிய மனிதருக்குத் "தோல்வி" என்று பெயர். முதலாம் இலக்கத்தை அவரா கேட்டு வாங்கினார்?

நானும் சுத்தமானவன் அல்லன். பாடசாலைக் கிரிக்கெட் பற்றி எழுதிய நாட்களில், 17 வயதுப் பையன் ஒருவனை "நாளைய நட்சத்திரம்" என்று தலைப்பிட்டேன். மறு ஆண்டு "ஏமாற்றம்" என்றும் நானே தலைப்பிட்டேன். இரண்டுக்கும் இடையில் அவன் செய்த குற்றம் என்னவென்று அன்று நான் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. பல ஆண்டுகளின் பின் கொழும்பில் ஓர் அலுவலகத்தில் அவனைச் சந்தித்தேன். அந்த இரண்டாவது தலைப்பை அவன் ஒரு சொல் பிசகாமல் சொன்னான்.